ஆபரேஷன் நடக்கும்போதே அக்குள் முடிச்சைப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே தியேட்டரிலிருந்து வரும் நிணநீர் முடிச்சுகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு. நோயியல் மருத்துவர்களிடம் யாரும் நேரடியாகக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நினைப்பீர்கள். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று போன் வந்துகொண்டேதான் இருக்கிறது, சந்தேகங்களும் கிட்டத்தட்ட அதேதான். கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். இவை பொதுவான விளக்கங்கள். உங்கள் ரிப்போர்ட்டையும் ஸ்கேனையும் கையில் வைத்துக்கொண்டு முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் சர்ஜன்.

கட்டி மார்புலதானே இருக்கு, அக்குள்ல எதுக்கு கத்தி வைக்கணும்?

மார்பகத்திலிருந்து வடியும் நிணநீரில் பெரும்பகுதி அக்குள் முடிச்சுகள் வழியாகப் போகிறது. கொஞ்சம் நெஞ்செலும்பை ஒட்டி உள்ளே இருக்கும் முடிச்சுகளுக்கும் போகும். கட்டியிலிருந்து கழன்ற செல்கள் நிணநீரோடு வந்தால் பெரும்பாலும் முதலில் தங்குவது அக்குளில்தான். நோய் முடிச்சுக்கு வந்திருக்கிறதா, எத்தனை முடிச்சில், எவ்வளவு அளவில் என்பதைப் பொறுத்து கீமோ, ரேடியேஷன் பற்றிய முடிவுகள் மாறும்.

ஆக, முடிச்சை எடுப்பது முக்கியமாகத் தகவலுக்காக. 1971-இல் தொடங்கிய என்எஸ்ஏபிபி பி-04 என்ற ஆய்வில், அக்குளில் எதுவும் தட்டுப்படாத பெண்களில் ஒரு பிரிவினருக்கு முடிச்சுகளை ஆரம்பத்திலேயே முழுக்க எடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்குப் பிற்பாடு முடிச்சு தலைகாட்டினால் மட்டும் எடுத்தார்கள். 25 ஆண்டுகள் கழித்துப் பார்த்தும் உயிர்வாழ்வதில் இரு பிரிவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

ஸ்கேன்ல நெறி எதுவும் இல்லைன்னு வந்துடுச்சே, அப்புறம் எதுக்கு எடுத்துப் பாக்கணும்?

அல்ட்ராசவுண்டில் முடிச்சின் வடிவத்தைத்தான் பார்க்கிறார்கள்: வெளிவிளிம்பு தடித்திருக்கிறதா, நடுவில் இருக்க வேண்டிய கொழுப்பு மறைந்துவிட்டதா என்று. வடிவம் மாறும் அளவுக்கு நோய் வளர்ந்திருந்தால் ஸ்கேனில் தெரியும். ஒரு மில்லிமீட்டர் அளவில் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தால் தெரியாது. பெட் ஸ்கேனுக்கும் அதே குறை உண்டு.

ஸ்கேனில் சந்தேகமாகத் தெரிந்தால் ஆபரேஷனுக்கு முன்பே ஊசி போட்டு அந்த முடிச்சிலிருந்து பயாப்சி எடுத்துவிடுவார்கள். அதில் நோய் உறுதியானால் வழியே வேறு, அதற்குக் கீழே கீமோ பற்றிய கேள்வியைப் பாருங்கள். ஸ்கேனில் சுத்தமாகத் தெரிந்தவர்களுக்குத்தான் ஆபரேஷன் நேரத்தில் முடிச்சை எடுத்துப் பார்க்கும் இந்த ஏற்பாடெல்லாம். (அதிலும் சிலருக்கு இப்போது அதுவே வேண்டாம் என்கிறார்கள். அது கடைசிக்குச் சற்று முந்தின கேள்வி.)

சென்டினல் நோடுன்னா ஒரே ஒரு முடிச்சா?

கட்டியிருக்கும் இடத்திலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் முடிச்சுக்குச் சென்டினல் நோட் என்று பெயர். ஒன்று மட்டும் இருக்கலாம். வழக்கமாக இரண்டு, மூன்று கிடைக்கும். முதல் முடிச்சில் நோய் இல்லையென்றால் அதைத் தாண்டி அடுத்ததில் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்ற எண்ணத்தில்தான், இருபது முப்பது முடிச்சுகளை வழித்தெடுக்காமல் இந்த இரண்டு மூன்றை மட்டும் எடுத்துப் பார்க்கிறோம்.

முதலில் இது தோல் புற்றுநோயான மெலனோமாவுக்குத்தான் வந்தது. 1992-இல் டொனால்ட் மார்ட்டன் குழு நீலச் சாயம் செலுத்தி முடிச்சைக் கண்டுபிடித்ததை எழுதினார்கள். மார்பகத்துக்கு 1993-இல் டேவிட் கிராக் கதிரியக்க மருந்தை வைத்தும், 1994-இல் அர்மாண்டோ ஜூலியானோ நீலச் சாயத்தை வைத்தும் செய்து காட்டினார்கள். அதற்கு முன்பெல்லாம் மார்பகப் புற்றுநோய் என்றாலே அக்குளை முழுக்கச் சுத்தம் செய்வதுதான் வழக்கம்.

அத்தனை முடிச்சுல இதுதான் முதல் முடிச்சுன்னு எப்படித் தெரியும்?

மார்பகக் காம்பைச் சுற்றிய கருவளையத்துக்கு அடியிலோ கட்டியைச் சுற்றியோ ஒரு மருந்தைச் செலுத்துவார்கள். நிணநீர் போகும் வழியிலேயே அதுவும் போய் முதல் முடிச்சில் தங்கும். டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளாக இருந்தால் முதல் நாளோ அன்று காலையிலோ ஊசி போடுவார்கள். ஆபரேஷனில் பேனா போன்ற ஒரு கருவியை அக்குளில் வைத்தால், மருந்து தங்கிய இடத்தில் சத்தம் கூடும். நீலச் சாயம் என்றால் மயக்கம் கொடுத்த பிறகு செலுத்தி, சில நிமிடம் மார்பை மெல்ல அழுத்தித் தேய்த்துவிட்டுத் திறந்து பார்ப்பார்கள். நீல நிறமான மெல்லிய குழாய் ஒன்று ஓடும், அதைப் பிடித்துக்கொண்டே போனால் நீல முடிச்சு. இரண்டையும் சேர்த்துச் செய்தால் தவறவிடும் வாய்ப்பு குறையும். இன்டோசயனின் கிரீன் என்ற ஒளிரும் சாயத்தைத் தனிக் கேமராவில் பார்ப்பதும், இரும்புத் துகள் மருந்தைக் காந்தக் கருவியால் தேடுவதும் பிற்பாடு வந்த முறைகள்.

சாயமும் ஏறாமல் சத்தமும் வராமல், ஆனால் விரலுக்குக் கெட்டியாக ஒரு முடிச்சு தட்டுப்பட்டால் அதையும் எடுத்து அனுப்ப வேண்டும். நோய் நிரம்பிவிட்ட முடிச்சுக்குள் நிணநீர் நுழைய முடியாமல் வேறு பக்கம் திரும்பிவிடுவதுண்டு. சர்ஜனின் விரலுக்கு இன்னும் வேலை இருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

அம்மாவுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் யூரின் பச்சையா போகுது, பயமா இருக்கு

நீலச் சாயம் சிறுநீரில் வெளியேறுகிறது, ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஊசி போட்ட இடத்தில் தோலில் நீலம் சில வாரங்கள், சிலருக்கு மாதக்கணக்கிலும் நிற்கும். ஆபரேஷன் நேரத்தில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் திடீரென்று குறைத்துக் காட்டுவதும் இந்தச் சாயத்தால்தான், மயக்க மருத்துவர்களுக்கு இது பழக்கம்.

கவனிக்க வேண்டியது ஒவ்வாமை. ஐசோசல்ஃபன் ப்ளூ, பேட்டன்ட் ப்ளூ ஆகிய சாயங்களால் நூற்றில் ஒருவர் அளவில் ஒவ்வாமை வரலாம், அரிதாகக் கடுமையாகவும் இருக்கும். மெத்திலீன் ப்ளூவில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் மனச்சோர்வுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளோடு அது ஒத்துப்போகாது. அதனால் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கு நீலச் சாயத்தைத் தவிர்ப்பார்கள். டெக்னீசியத்தின் அளவு மிகக் குறைவு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும்.

எடுத்த முடிச்சை உங்ககிட்ட குடுத்தா நீங்க என்ன பண்ணுவீங்க?

பெரும்பாலும் ஃப்ரோஸன் செக்‌ஷன். முடிச்சு ஒரு சின்ன டப்பாவில், திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் எதுவும் ஊற்றாமல் ஈரத்தோடு வரும். சுற்றியுள்ள கொழுப்பை விலக்கினால் அவரை விதை போன்ற ஒரு சாம்பல் கலந்த ரோஸ் உருண்டை, பாதி நீலம் ஏறியிருக்கும். அதை நீளவாக்கில் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒன்றாகத் துண்டு போடுவேன். நோய் பெரிதாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்: வெட்டுமுகம் வெள்ளையாக இருக்கும், பிளேடு போகும்போது நெறுநெறு என்று கையில் படும். நல்ல முடிச்சு மெத்தென்று அறுபடும்.

துண்டுகளைப் பசை போன்ற ஒரு திரவத்தில் பதித்து, சுமார் மைனஸ் 20 டிகிரி குளிரில் இருக்கும் கிரையோஸ்டாட் இயந்திரத்தில் உறைய வைத்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவுவோம். சீவலைக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றினால் பார்க்கத் தயார். சொல்வதற்கு எளிது. முடிச்சில் கொழுப்பு நிறைய இருந்தால் இந்தக் குளிருக்கு அது சரியாக உறையாது, சீவல் கிழிந்தும் மடிந்தும் வரும். தண்ணீர் பனித்துகளாகி செல்களை உப்ப வைக்கும். நல்ல சீவல் வரும்வரை மேலாகச் சீவித் தள்ளும் திசு திரும்பக் கிடைக்காது, அதிலேயே சின்ன நோய் போய்விடவும் வாய்ப்பு உண்டு. இவ்வளவுக்கும் நடுவில் தியேட்டர் போன் அடித்துக்கொண்டிருக்கும்.

பார்த்து முடித்ததும் சர்ஜனிடம் நேரடியாகச் சொல்லி, அவரைத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டுக்கொள்வோம். எந்தப் பக்கம், எத்தனை முடிச்சு, எத்தனையில் நோய் என்று. "இருக்கு" என்பதும் "இல்லை" என்பதும் போனில் ஒன்றுபோலக் கேட்டுவிடக் கூடாது.

அரை மணி நேரத்துல சொல்லிடுவோம்னாங்க, ஒன்றரை மணி நேரம் ஆச்சு. உள்ள ஏதோ சிக்கலா?

பெரும்பாலும் இல்லை. ஒரு முடிச்சுக்கு இருபது முப்பது நிமிடம் என்பது வந்து சேர்ந்த பிறகு ஆகும் நேரம். மூன்று முடிச்சு வந்தால் துண்டுகளே பத்துக்கு மேல் போகும், ஒவ்வொன்றையும் சீவ வேண்டும். அதே நேரத்தில் பக்கத்துத் தியேட்டரிலிருந்து வேறு ஒருவரின் திசு வந்திருக்கலாம். இந்த இடைவெளியில் சர்ஜன் சும்மா நிற்பதும் இல்லை, மார்பகக் கட்டியை எடுக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் கடிகாரத்தை வைத்து முடிவை ஊகிக்க முயல்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். அது ஒருபோதும் சரியாக வருவதில்லை.

ஃப்ரோஸன் தவிர வேற டெஸ்ட் இருக்குன்னு படிச்சேன், அது பெட்டரா?

இரண்டு இருக்கின்றன. ஒன்று டச் இம்ப்ரின்ட்: வெட்டிய முகத்தைக் கண்ணாடியில் ஒற்றியெடுத்து, ஒட்டிக்கொண்ட செல்களைப் பார்ப்பது. வேகமானது, செலவு குறைவு, திசு வீணாவதில்லை. ஆனால் சின்ன அளவு நோயை ஃப்ரோஸனைவிட அதிகமாகத் தவறவிடும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்புகளில், நோய் உள்ள முடிச்சுகளில் ஃப்ரோஸன் கண்டுபிடித்தது சுமார் 73 சதவீதம், இம்ப்ரின்ட் சுமார் 63 சதவீதம்.

இன்னொன்று ஓஸ்னா எனப்படும் மூலக்கூறு சோதனை. முடிச்சை அரைத்து, அதில் சிகே-19 என்ற புரதத்துக்கான ஆர்என்ஏ எவ்வளவு என்று இயந்திரம் அளக்கும். இந்த ஆர்என்ஏ மார்பகச் செல்களில் இருக்கும், சாதாரண முடிச்சில் இருக்காது. மைக்ரோலிட்டருக்கு 250 பிரதிக்குக் கீழ் என்றால் இல்லை, 250 முதல் 5000 வரை சிறிய பரவல், அதற்கு மேல் பெரியது. முப்பது நாற்பது நிமிடத்தில் எண்ணாக முடிவு வரும், பார்ப்பவரின் கண்ணைச் சார்ந்ததில்லை, முடிச்சு முழுவதையும் சோதிக்க முடியும். குறை என்னவென்றால் அரைத்த முடிச்சைப் பிறகு யாரும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க முடியாது. சில கட்டிகள் சிகே-19-ஐ உண்டாக்குவதே இல்லை, அவற்றை இது கோட்டைவிடும். கண்ணால் பார்த்து வளர்ந்தவள் என்பதால் எனக்குக் கொஞ்சம் ஃப்ரோஸன் பக்கச் சாய்வு உண்டு என்பதையும் சேர்த்தே படியுங்கள். உங்கள் மருத்துவமனையில் எது நன்றாகப் பழகியிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு நல்ல டெஸ்ட்.

ஆபரேஷன்ல "முடிச்சு கிளீன்"னாங்க. பத்து நாள் கழிச்சு ரிப்போர்ட்ல "இருக்கு"ன்னு வந்திருக்கு. யார் தப்பு இது?

எனக்கு வரும் போன்களில் கோபமாக வருவது இதுதான். பெரும்பாலும் யார் தப்பும் இல்லை. ஃப்ரோஸனில் ஒவ்வொரு துண்டிலும் ஓரிரு சீவலைத்தான் பார்க்கிறோம். நூறு பக்கப் புத்தகத்தில் மூன்று நான்கு பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுத்துப்பிழை இல்லை என்று சொல்வது மாதிரி அது. பக்கம் முழுக்கப் பிழையாக இருந்தால் மாட்டிவிடும். எங்கோ ஒரு வரியில் ஒரு பிழை என்றால் தப்பிவிடும். எண்ணிக்கையும் அதையே சொல்கிறது: மேலே சொன்ன 73 சதவீதத்தைப் பிரித்துப் பார்த்தால், இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட நோயை ஃப்ரோஸன் 94 சதவீதம் பிடிக்கிறது, அதற்குக் குறைந்ததை 40 சதவீதம்தான் பிடிக்கிறது.

ஆபரேஷன் முடிந்த பிறகு மீதித் திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, பல மட்டங்களில் வெட்டிப் பார்க்கிறோம். தேவைப்பட்டால் புற்றுச் செல்களை மட்டும் பழுப்பாகக் காட்டும் சைட்டோகெரட்டின் சாயமும் போடுவோம். லோபுலார் வகைக் கட்டியில் இது மிகவும் உதவும். அந்தச் செல்கள் கூட்டமாக நிற்காமல் ஒவ்வொன்றாகச் சிதறி, முடிச்சிலேயே இருக்கும் வெள்ளணுக்கள் போலவே தெரியும். உறைந்த சீவலில் அவற்றைப் பிரித்துச் சொல்வது எந்த அனுபவசாலிக்கும் கடினம்.

ஆக, தியேட்டரில் சொல்வது இடைக்காலப் பதில். ஆபரேஷன் முடிந்து வரும் சர்ஜன் "இப்போதைக்கு இல்லை, முழு ரிப்போர்ட் வரட்டும்" என்று சொன்னால் அவர் மழுப்பவில்லை, சரியாகத்தான் சொல்கிறார்.

சரி, இல்லாததை இருக்குன்னு சொல்லிட்டா?

மிக மிக அரிது. அதே தொகுப்பு ஆய்வுகளில் "இருக்கு" என்ற பதில் கிட்டத்தட்ட நூறு சதவீதம் சரியாக இருந்தது. எப்போதாவது மச்சச் செல்கள் முடிச்சின் உறைக்குள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும், அவை ஏமாற்றப் பார்க்கும். சந்தேகம் என்றால் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுவோம். அப்போதும் தெளியாவிட்டால் "முழு ரிப்போர்ட்டுக்குத் தள்ளிவைக்கிறேன்" என்று சொல்லிவிடுவோம். தவறாக "இல்லை" என்றால் பிறகு சரிசெய்துகொள்ளலாம். தவறாக "இருக்கு" என்று சொல்லி அக்குளை வழித்தெடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது.

ரிப்போர்ட்ல மைக்ரோ-மெட்டாஸ்டாசிஸ்னு போட்டிருக்கு. இருக்குன்னு எடுத்துக்கறதா, இல்லைன்னு எடுத்துக்கறதா?

அளவை வைத்து மூன்றாகப் பிரிக்கிறோம். 0.2 மி.மீ.க்கு உட்பட்டோ, ஒரு சீவலில் 200 செல்லுக்குக் குறைவாகவோ இருந்தால் அவை தனித்த செல்கள், நிலை நிர்ணயத்தில் முடிச்சில் நோய் இல்லை என்றே கணக்கு. 0.2-க்கு மேல் 2 மி.மீ. வரை மைக்ரோ. 2 மி.மீ.க்கு மேல் மேக்ரோ.

மைக்ரோவை "இருக்கு" என்றுதான் பதிவு செய்வோம். ஆனால் அதற்காக அக்குளை முழுக்கச் சுத்தம் செய்வதில் பயனில்லை என்று ஐபிசிஎஸ்ஜி 23-01 என்ற ஆய்வு 2013-இல் காட்டிவிட்டது. (கீமோ முதலில் எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, கீழே பாருங்கள்.)

முடிச்சுல இருக்குன்னு அங்கேயே தெரிஞ்சும் மீதியை எடுக்காம தைச்சு அனுப்பிட்டாங்க. அலட்சியமா?

இருபது ஆண்டுகளுக்கு முன்பு இப்படிச் செய்திருந்தால் நானும் கேள்வி கேட்டிருப்பேன். இன்று இது பல நேரங்களில் சரியான முடிவு. இஸட்-0011 என்ற ஆய்வில், ஐந்து சென்டிமீட்டர் வரையிலான கட்டி, கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷன், பிறகு மார்புக்கு ரேடியேஷன், ஒன்று அல்லது இரண்டு சென்டினல் முடிச்சில் நோய் என்றிருந்த பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மீதி முடிச்சுகளை எடுத்தார்கள், மறுபாதிக்கு எடுக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள்: எடுக்காதவர்களில் 86.3 சதவீதம், எடுத்தவர்களில் 83.6 சதவீதம். எடுக்காததால் எந்த நஷ்டமும் இல்லை.

அமரோஸ் என்ற ஐரோப்பிய ஆய்வு, மீதியை வெட்டியெடுப்பதற்குப் பதிலாக அக்குளுக்கு ரேடியேஷன் கொடுத்தாலும் நோய் திரும்பாமல் கட்டுக்குள் இருக்கிறது, ஐந்தாம் ஆண்டில் கை வீக்கம் 23 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைகிறது என்றது. மார்பகத்தை முழுக்க எடுத்தவர்களும் சேர்ந்திருந்த செனோமாக் ஆய்வு 2024-இல் வந்தது. ஒன்று இரண்டு முடிச்சில் மேக்ரோ அளவில் நோய் இருந்தவர்களிலும் அதே பக்கம்தான் தராசு சாய்ந்தது.

மூன்று, அதற்கு மேற்பட்ட சென்டினல் முடிச்சுகளில் நோய், முடிச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டது என்றால் கதை வேறு. அப்போது மீதியையும் எடுப்பார்கள்.

அப்போ எடுக்கப் போறதில்லைன்னா ஆபரேஷன் நடுவுல பாக்கவே வேண்டாமே?

சரியான கேள்வி. என் வேலைக்கே உலை வைக்கும் கேள்வியும்கூட. நடுவில் பார்ப்பதன் ஒரே பயன், அந்த முடிவை வைத்து அதே மேஜையில் ஏதாவது மாற்றிச் செய்வது. சின்னக் கட்டி, மார்பகத்தைக் காப்பாற்றும் ஆபரேஷன், ரேடியேஷன் நிச்சயம் என்றால் முடிச்சில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்று செய்யப்போவது ஒன்றேதான். அங்கே பல மருத்துவமனைகள் ஃப்ரோஸன் அனுப்புவதையே நிறுத்திவிட்டன, முழு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறார்கள். அது நல்ல மாற்றம் என்றுதான் நினைக்கிறேன்.

மார்பகத்தை முழுக்க எடுப்பவர்கள், அதே நேரத்தில் புது மார்பகம் அமைத்துக்கொள்பவர்கள், கீமோ முடித்து வருபவர்கள், இரண்டாவது முறை மயக்கம் கொடுப்பது ஆபத்தான உடல்நிலை உள்ளவர்கள், இவர்களுக்கு நடுவில் தெரிந்துகொள்வதில் இன்னும் பயன் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் சர்ஜனிடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: "ஃப்ரோஸனில் இருக்குன்னு வந்தா என்ன செய்வீங்க, இல்லைன்னு வந்தா என்ன செய்வீங்க?" இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் ஃப்ரோஸன் எதற்கு என்று தாராளமாகக் கேட்கலாம்.

மயக்கத்துல இருக்கும்போது முடிவை யார் எடுப்பாங்க? வெளிய வந்து எங்ககிட்ட கேப்பாங்களா?

ஆபரேஷனுக்கு முன்பே நோயாளி கையெழுத்துப் போடும் படிவத்தில் இரண்டு சாத்தியங்களும் எழுதியிருக்க வேண்டும்: சென்டினல் மட்டும், தேவைப்பட்டால் அக்குள் முழுக்க. வெளியே பதற்றத்தில் இருக்கும் மகனிடமோ கணவரிடமோ அந்த நேரத்தில் ஓடிவந்து கேட்பது நல்ல ஏற்பாடு ஆகாது. "நடுவில் முடிவெடுக்க வேண்டாம், முழு ரிப்போர்ட் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம், தேவைப்பட்டால் இன்னொரு ஆபரேஷனுக்குத் தயார்" என்று நோயாளி சொல்லவும் உரிமை உண்டு. அதைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

எதுக்கு இவ்வளவு யோசனை, எல்லா முடிச்சையும் எடுத்துட்டா நிம்மதியா இருக்கலாம்ல?

நிம்மதிக்கு விலை இருக்கிறது. அக்குளை முழுக்கச் சுத்தம் செய்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது, சென்டினல் மட்டும் எடுத்தவர்களில் இருபதில் ஒருவர் அளவுக்குத்தான். அந்த வீக்கம் ஆபரேஷன் முடிந்த வாரத்தோடு போவதல்ல. ஆண்டுகள் கழித்தும் தொடங்கும், வந்தால் வாழ்நாள் முழுக்கக் கட்டுப்போட்டுக் காக்க வேண்டியிருக்கும். மேல்கையின் உட்பக்கம் மரத்துப்போவது, தோள் இறுகுவது, நீர் கோத்துக்கொள்வது தனி. முதல் பதிலில் சொன்ன பி-04-ஐயும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சென்டினல் கிளீன்னா மத்ததும் கிளீன்னு என்ன கேரண்டி?

நூறு சதவீதக் கேரண்டி கிடையாது. 5,611 பெண்கள் பங்கேற்ற என்எஸ்ஏபிபி பி-32 ஆய்வில், அக்குளில் உண்மையிலேயே நோய் இருந்தவர்களில் 9.8 சதவீதம் பேருக்குச் சென்டினல் சுத்தமாக இருந்தது. கேட்க அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் சென்டினல் சுத்தம் என்று மீதியை விட்டுவைத்தவர்களில் பின்னாளில் அக்குளில் நோய் தலைகாட்டியது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. விட்டுப்போன சிறு நோயை மார்புக்குக் கொடுக்கும் ரேடியேஷனும், கீமோ, ஹார்மோன் மாத்திரைகளும் பார்த்துக்கொள்கின்றன என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

சாயமும் ஏறல, சத்தமும் வரலன்னா?

நூற்றில் சிலருக்கு அப்படி ஆகும். உடல் பருமன், முன்பு அக்குளில் நடந்த ஆபரேஷன், முடிச்சு நோயால் அடைபட்டிருப்பது காரணமாக இருக்கலாம். சர்ஜன் அக்குளின் கீழ்மட்ட முடிச்சுகளில் சிலவற்றை எடுத்துப் பார்க்கலாம், அல்லது முழுக்கச் சுத்தம் செய்யலாம். இதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

எங்களுக்கு முதல்ல கீமோ குடுத்தாங்க, முடிச்சு கரைஞ்சிடுச்சு. இப்பவும் இதே கணக்குதானா?

இல்லை, இங்கே கணக்கு இறுகுகிறது. கீமோ நிணநீர்க் குழாய்களையும் வடுவாக்கிவிடும், முடிச்சுகளிலும் நோய் ஒரே சீராகக் கரையாது. கீமோவுக்கு முன் முடிச்சில் நோய் உறுதியானவர்களிடம் சென்டினல் முறையைச் சோதித்த இஸட்-1071 ஆய்வில், கீமோவுக்குப் பிறகும் அக்குளில் நோய் மிஞ்சியிருந்தவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு அது தவறியது. நீலச் சாயம், கதிரியக்க மருந்து இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தி மூன்று முடிச்சுகளாவது எடுத்தால் இது குறைகிறது. கீமோவுக்கு முன்பே நோயுள்ள முடிச்சில் ஒரு சின்ன உலோகக் கிளிப்பைப் பதித்து வைத்து, ஆபரேஷனில் அந்த முடிச்சையும் தேடி எடுத்தால் இன்னும் நன்றாகக் குறைகிறது. அதனால் கிளிப் வைத்திருக்கிறார்களா என்பதைக் கீமோ தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். முடிச்சு கரைந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

இன்னொன்று: கீமோவுக்குப் பிறகும் மிஞ்சியிருக்கும் நோய், சின்னதாக இருந்தாலும், மருந்துக்குத் தப்பியது. மைக்ரோ அளவாக இருந்தாலும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பெரும்பாலும் மீதியை எடுப்பார்கள். எனவே இங்கே ஃப்ரோஸனுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. எங்களுக்கு மிகக் கடினமான ஸ்லைடுகளும் இவைதான். மருந்துபட்ட செல்கள் உப்பி, சிதைந்து, வடுவுக்கு நடுவே ஒன்றிரண்டாகக் கிடக்கும்.

முடிச்சுக்கு வந்துடுச்சுன்னா உடம்பு பூரா பரவிடுச்சுன்னுதானே அர்த்தம்?

இல்லை. அக்குள் முடிச்சு மார்பகத்தின் சொந்த வட்டாரம். நான்காம் நிலை என்பது எலும்பு, நுரையீரல், ஈரல், மூளை போன்ற தொலைவிடங்களுக்குப் போவது. முடிச்சில் நோய் உள்ளவர்களையும் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் வைத்தியம் செய்கிறோம்.

சிலருக்கு முடிச்சே எடுக்க வேண்டாம்னு இப்போ சொல்றாங்களாமே, உண்மையா?

உண்மைதான். இரண்டு சென்டிமீட்டர் வரையிலான கட்டி, அல்ட்ராசவுண்டில் அக்குள் சுத்தம் என்றிருந்தவர்களில் ஒரு பாதிக்குச் சென்டினலே எடுக்காமல் விட்ட சவுண்ட் என்ற ஆய்வு 2023-இல் வந்தது. ஐந்தாம் ஆண்டில் தொலைவிடத்துக்குப் பரவாமல் இருந்தவர்கள் எடுத்த பக்கம் 97.7 சதவீதம், எடுக்காத பக்கம் 98.0. அடுத்த ஆண்டு இன்செமா ஆய்வும் அதையே சொன்னது. இப்போது ஐம்பது வயதைக் கடந்து மாதவிடாய் நின்றவர்கள், இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, ஹார்மோனுக்குக் கட்டுப்படும், ஹெர்-2 என்ற புரதம் மிகையாக இல்லாத, வேகம் குறைந்த கட்டி, கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷன் என்று எல்லாம் பொருந்துபவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறார்கள். முடிச்சின் நிலவரம் தெரிந்தால்தான் கீமோ முடிவாகும் என்ற இளவயதினருக்கு இது இன்னும் பொருந்தாது.

ரிப்போர்ட்ல சந்தேகமா இருக்கு. அந்த ஸ்லைடை வேற இடத்துல காட்டலாமா?

தாராளமாக. ஃப்ரோஸன் ஸ்லைடு, பிறகு செய்த மெழுகு பிளாக், அதிலிருந்து வெட்டிய ஸ்லைடுகள் எல்லாம் ஆய்வகத்தில் வைத்திருப்பார்கள். எழுத்தில் கேட்டால் கொடுப்பார்கள். ஸ்லைடு மட்டும் போதாது, பிளாக்கையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாவதாகப் பார்ப்பவர் புதிதாக வெட்டி, கூடுதல் சாயம் போட அதுதான் வேண்டும். முதல் ரிப்போர்ட்டின் நகல், கட்டியின் ஹார்மோன் மற்றும் ஹெர்-2 முடிவுகள், கீமோ எடுத்திருந்தால் அந்த விவரம், மூன்றையும் கூடவே கொடுங்கள். பிளாக் கண்ணாடி அல்ல, உடையாது. ஆனால் மெழுகு, அதனால் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.